ஏழாவது விதி

“நீங்கள் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர் அல்லவா?” என்று யாராவது மரியாதையாகக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வேலூரில் மெட்ரிக்குலேஷன் இரண்டு தடவை தவறியவன் நான். பங்காருபேட்டையில் ரயில் இறங்கித் தங்கவயலுக்கு வந்தபோது அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. தலைப்பாகையும் கோட்டும் போட்டுக்கொண்டு தங்கச் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரையிடம் நாலு வாக்கியம் தட்டுத்தடுமாறாமல் பேசினேன். வேலை கிடைத்துவிட்டது.

தகரக் கொட்டகையில் வகுப்பு. காலை ஷிப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள் முகத்துப் பாறைத்தூளைக்கூடக் கழுவாமல் வந்து உட்காருவார்கள். எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பாறையில் துளை போட்டு வேட்டு வைக்கும் வேலைக்குப் போக வேண்டுமானால், அதற்கான பன்னிரண்டு விதிகளையும் துரை முன்னால் இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

வகுப்பில் தமிழ் கூடாது, தெலுங்கும் கூடாது. துரைக்கு இரண்டும் தெரியாது. தனக்குத் தெரியாத பாஷையில் கூலிக்காரர்கள் என்ன பேசிக்கொள்வார்களோ என்று அந்த மனுஷனுக்கு உள்ளூரப் பயம். தமிழில் வாயைத் திறந்தவனிடமிருந்து பித்தளை வில்லையை நான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. நம்பர் அடித்த அந்த வில்லையைக் காட்டினால்தான் ஷாப்ட் வழியாகச் சுரங்கத்துக்குள் இறங்க விடுவார்கள். வில்லை போனால் மறுநாள் வேலை இல்லை. ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து, இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுத்தான் திரும்ப வாங்க முடியும்.

குடியாத்தம் பக்கத்து ஆள் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். நாலு வருஷமாகப் பூமிக்கடியில் கல் வண்டி தள்ளியவன். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அவன் ஞாபகசக்தியைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருக்கும். நான் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறேனோ அதே இடத்தில் தானும் மூச்சு வாங்கி, விதிகளை அப்படியே ஒப்பிப்பான். பார்க்க வந்த துரைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கூச்சமில்லாமல் நான் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் ஏழாவது விதியைச் சொல்லி முடித்தவன் உட்காரவில்லை.

“வாத்தியாரே, இது இன்னா சொல்லுது? சுருட்டு புடிக்காதே, வெளக்கக் கிட்ட கொண்டாராதேன்னு மத்ததெல்லாம் நீங்க கையால காட்டுனீங்க. இத மட்டும் காட்டவேயில்லியே.”

 எல்லோருக்கும் அதே சந்தேகம்தான், கேட்கத்தான் தைரியமில்லை. நான் கையை நீட்டினேன். அவன் அரைஞாண் கயிற்றிலிருந்து வில்லையை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தான். அவன் இடுப்புச் சூடு அதில் இருந்தது.

“வில்லைய வெச்சிக்குங்க. ஒருநாள் கூலி போனாப் போவுது. அர்த்தத்த மட்டும் சொல்லிடுங்க.”

உட்கார் என்று இங்கிலீஷில் கத்தினேன். உட்கார்ந்துவிட்டான்.

இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அன்றைக்குத் துரை கொட்டகைப் பக்கமே வரவில்லை. தமிழில் அர்த்தம் சொல்லியிருந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனால் ஏழாவது விதிக்கு அர்த்தம் எனக்கே தெரியாது. அதில் பாதி வார்த்தைகள் சுரங்க வார்த்தைகள், எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்காதவை. துரை ஆபீஸில் தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்தார், அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் என் சாயம் வெளுத்துவிடும். தமிழ் கூடாது என்ற உத்தரவை மற்றவர்கள் சபித்தார்கள். எனக்கோ அது நல்ல போர்வை. அதற்குள் சுகமாகப் படுத்துக்கொண்டேன்.

பரீட்சையில் அவன்தான் முதலில் தேறினான். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து என்னைக் கும்பிட்டான்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. முந்தின ஷிப்டில் வேட்டு வைத்த பாறையில் பழைய துளையின் அடிப்பாகம் மிச்சம் இருந்திருக்கிறது. அந்தக் கல்லில் புதிதாகத் துளை போடுவதென்றால் தோள் கழன்றுவிடும். கிடைத்த பள்ளத்தை விடுவானேன் என்று அதிலேயே உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்திருக்கிறான். அடியில் வெடிக்காத மருந்து கிடந்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

விசாரணை துரை ஆபீஸில் நடந்தது. முகத்தில் கட்டோடு அவனைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நான் சாட்சி. ஏழாவது விதியை இவன் பிழையில்லாமல் ஒப்பித்தானா என்று துரை கேட்டார். ஒப்பித்தான் என்றேன். அவனுக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. பிறகு அவனையே சொல்லச் சொன்னார்கள். அவன் எழுந்து நின்று, நான் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். விதி தெரிந்தே மீறியிருக்கிறான், தப்பு முழுக்க அவனுடையது என்று எழுதிவிட்டார்கள்.

எழுதியதற்குக் கீழே அவன் கைநாட்டு வேண்டுமே. புரியாத பாஷையில் எழுதி வாங்கினால் நாளைக்குச் செல்லாமல் போகும் என்று குமாஸ்தா துரையின் காதில் ஓதினார். அதனால் மீறிய விதியைத் தமிழில் சொல்ல உத்தரவாயிற்று. கைநாட்டு வாங்குவதற்கு மட்டும் தமிழ் கூடும்.

“பழைய தொளையில மறுபடி உளி வெக்காதே. மருந்து மிச்சமிருக்கும். ஒரு மொழம் தள்ளிப் புதுசாப் போடு. இதாம்பா ஏழாவது,” என்றார் குமாஸ்தா.

அவனோடு சேர்ந்து நானும் அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகக் கேட்டேன். 

அவன் மையில் தோய்த்த கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி, சாட்சி சொன்னபோது என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“இவ்ளோதானா வாத்தியாரே?”

துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எஸ்,” என்றேன்.