டிவியை மட்டும் அணைத்தல்

பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கிச் சேர்க்கும் என் பழக்கத்துக்கு மனைவி வைத்திருக்கும் பெயரை அச்சிட முடியாது. சொந்த ஊரான எருக்கலம்பிட்டியில் மீள்குடியேறிய வீட்டில், நேற்று ஆடிக்கொண்டிருக்கையில் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. என் விரல் டிவியை மட்டும் அணைத்தது.

அது சின்ன வயதில் ராத்தா, என் மூத்த சகோதரி, கண்டுபிடித்த தந்திரம். பாங்கு நேரத்தில் டிவி ஓடக்கூடாது என்பது வாப்பாவின் சட்டம். அவர் சவூதியிலிருந்து கொண்டுவந்த பெட்டியையும் அணைத்தால் ஆட்டம் அழிந்துவிடும். ஆகவே ராத்தா ஆட்டத்தை நிறுத்திவைத்து, டிவியை அணைத்து, பெட்டியைத் தன் தாவணியால் மூடுவாள். தொழுதுவிட்டு வரும் வாப்பா தாவணியைத் தொட்டுப் பார்ப்பார்.

"என்ன புள்ள, இதுக்குக் காய்ச்சலோ?"

"ஓம் வாப்பா. எழுப்பாதீங்கோ."

சிரிப்பை மறைக்க அவர் தேத்தண்ணி கேட்பார்.

தொண்ணூறில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லாரையும் போல நாங்களும் ஊரைவிட்டு விரட்டப்பட்டோம். ராத்தா இன்னும், நாங்கள் தஞ்சம் புகுந்த புத்தளத்தில். தொழுதபின் போன் எடுத்தேன்.

"ராத்தா, அதே மாதிரிப் பெட்டி ஒண்டு கிடைச்சிட்டுது. ஊருக்கு வாங்கோ."

"மகளக் கட்டிக் குடுத்ததும் இஞ்ச, வாப்பாவ அடக்கம் பண்ணினதும் இஞ்ச. அங்க ஆரிட்ட வாறது, தம்பி?"

டிவியைப் போட்டேன். பழக்கதோஷத்தில், ராத்தாவும் நானும் ஆடியதுபோல் இருவர் மாறி மாறி ஆடும் ஆட்டத்தைத் தெரிவுசெய்திருந்தேன். என் ஆள் செத்ததும் ராத்தாவின் முறை வந்தது. அவளுடைய ஆள் அசையாமல் நின்றான். நானே அவனை நகர்த்தியிருக்கலாம். எதிரிகள் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.