பென்சன் எண்டால் பென்சன்தானே

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருக்க, பெற்றோர் காத்திருக்கும் அறையில் எனக்கென்று ஒரு மூலை இருந்தது. யாரும் ஒதுக்கித் தந்ததல்ல, நானாகப் பிடித்துக்கொண்டது. அங்கே என்னிடம் கடிதங்கள் வரும். வரி, வாடகை, வைத்தியசாலை, எதுவானாலும் வாசித்து இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். நான் ஒஸ்லோ நகரசபையின் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறவன். எனக்கு நோர்வேஜிய மொழி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். கொஞ்சம்தான் என்பதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் கொடுக்கமாட்டார்கள். தாய் தகப்பனின் சம்பளமும் கடனும் பிள்ளைக்கு ஏன் தெரியவேண்டும் என்பார்கள். அதனால் என் மூலைக்கு மவுசு குறையவேயில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. சரியாகச் சொன்னால் அந்த மூலையில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

எட்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை மூன்று பெண்கள் ஒரே மாதிரிக் கடிதத்தோடு வந்தார்கள். மூவரும் நகரத்தின் நடுவிலுள்ள பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தவர்கள். அந்த அலுவலகம் துப்புரவை வெளியே ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்போகிறதாம். கடிதத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். முதலாவதில் புள்ளடி போட்டால் அதே கட்டடத்தில் அதே வேலை, ஆனால் புதிய கம்பனியின் ஆளாக. இரண்டாவதில் போட்டால் பழைய முதலாளியிடமே இருக்கலாம், ஆனால் சமையல்கூடத்தில் வேறு நேரத்தில் வேறு வேலை.

மூவரில் மூத்தவரை நான் அக்கா என்பேன். ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிறார், அப்போது ஐம்பத்துநாலு வயது. அவர்தான் கேட்டார்.

“தம்பி, இதிலை பென்சன் எண்டு ஒரு பந்தி கிடக்கு. அது என்ன சொல்லுது?”

அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். ஓய்வூதியம் என்ற சொல் மட்டும்தான் விளங்கியது. மற்றதெல்லாம் சட்ட மொழி. விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சுற்றி ஏழெட்டுப் பேர் தேநீரோடு நின்றார்கள். என் வாய் முந்திக்கொண்டது.

“பென்சன் எண்டால் பென்சன்தானே அக்கா. அது கவுண்மேந்து குடுக்கிறது. கம்பனி மாறினால் அது ஏன் மாறப்போகுது? முதலாவதிலை போடுங்கோ.”

எங்கள் ஊரில் பென்சன் என்றால் ஒன்றுதான். என் தகப்பனார் தபால் கந்தோரில் வேலை செய்து அரசாங்கத்திடம் வாங்கினாரே, அது. அந்த ஒன்றைத்தான் நான் ஒஸ்லோவுக்கும் கொண்டுவந்திருந்தேன். மூவரும் என் பேனாவை வாங்கி, என் கண்முன்னே புள்ளடி போட்டார்கள்.

பிறகு மூவரில் ஒருவர் மகனோடு ஸ்தவாங்கருக்குப் போய், வேலையையும் விட்டுவிட்டார். மற்ற இருவரும் அதே கட்டடத்தின் படிகளைத்தான் புதிய கம்பனியின் சட்டையோடு துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருடம் வசந்தத்தில் அக்கா தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அறுபத்திரண்டு வயதாகிவிட்டது, முழங்கால் இரண்டும் போய்விட்டன, வேலையை விடுகிறேன் என்று பென்சனுக்கு விண்ணப்பித்திருந்தார். பதில் வந்திருந்தது. அதைச் சமையலறை மேசையில் வைத்து வாசித்தேன். இந்தமுறை ஒரு சொல்லையும் விடாமல், தெரியாததைத் தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தேன்.

அரசு ஓய்வூதியம் ஒன்று. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தமுள்ள நிறுவனங்களின் ஆட்களுக்கு மட்டும் கிடைப்பது இன்னொன்று. ஆ-எஃப்-பே என்பார்கள். அறுபத்திரண்டு வயதுக்கு முந்திய ஒன்பது வருடங்களில் ஏழு வருடமாவது அப்படியான நிறுவனத்தில் இருந்திருக்கவேண்டும். பழைய முதலாளியிடம் அந்த ஒப்பந்தம் இருந்தது. புதிய கம்பனியிடம் இல்லை. எங்களைப்போலப் பிந்தி இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு அரசு ஓய்வூதியம் சிறியது. அந்த இரண்டாவது சேர்ந்தால்தான் அதையும் அறுபத்திரண்டில் தொடலாம். சேராவிட்டால் அறுபத்தேழு வரை பொறுக்கவேண்டும்.

நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

“பிழை என்ரை அக்கா. அண்டைக்கு அந்தப் பந்தி எனக்கு விளங்கேல்லை. விளங்கின மாதிரிச் சொல்லிப்போட்டன்.”

அவர் கடிதத்தை மடித்தார். “அப்ப நான் இன்னும் அஞ்சு வருஷம் போகவேணுமோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம்.”

எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார். நின்றபடியே, திரும்பாமல் சொன்னார்.

“இதை வெளியிலை கதைச்சுப்போடாதையுங்கோ தம்பி. பிறகு ஆர் உங்களிட்டைக் கடிதம் கொண்டுவரப்போகினம்?”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முழங்கால் நோவோடு நின்று என் மானத்துக்குக் காவல் இருக்கிறார். அதைவிட வெட்கக்கேடு, அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓம் என்று தலையாட்டி, அவர் ஊற்றிய தேநீரையும் குடித்துவிட்டு வந்தேன்.

ரயிலில்தான் மற்றவரின் நினைவு வந்தது, மூவரில் இளையவர். எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிறார். புள்ளடி போட்டபோது நாற்பத்தேழு வயது. விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். எட்டு வருடம் முழுதாக நிறையவில்லை, ஐம்பத்தைந்தும் இன்னும் ஆகியிருக்காது. ஐம்பத்தைந்துக்கு முன்னர் ஒப்பந்தமுள்ள ஓர் இடத்துக்கு மாறினால் அறுபத்திரண்டுக்குள் அந்த ஏழு வருடம் கிடைக்கும். துப்புரவு வேலைக்கு ஆட்கள் தேடாத நாள் ஒஸ்லோவில் இல்லை. இன்றைக்கே சொல்லவேண்டும் என்று தொலைபேசியை எடுத்தேன். ரயிலில் தமிழர்கள் இருந்தார்கள், வீட்டில் போய்ச் சொல்லலாம் என்று வைத்தேன். வீட்டில் மனைவி இருந்தாள். அடுத்த நாள் ஞாயிறு, அவர் பூசைக்குப் போயிருப்பார். அதற்கடுத்த நாள் அவருக்கு வேலை. ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு நல்ல காரணம் அகப்பட்டது. அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்றுகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் என் மூலையில் இருந்து மற்றவர்களின் கடிதங்களை வாசித்துக்கொண்டுமிருந்தேன்.

கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து நேரே எல்லிங்ஸ்ருட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், “என்ன அண்ணை, சொல்லாமல் கொள்ளாமல்?” என்று சிரித்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை, புள்ளடி, அக்காவின் கடிதம், ஏழு வருடக் கணக்கு, ஐம்பத்தைந்து வயதுக்கு முன்னர் மாறவேண்டியது.

“உங்களுக்கு இது எப்ப தெரியும், அண்ணை?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

அவர் கதவுப் பிடியை விடவில்லை.

“போன மாசம்தான் எனக்கு அம்பத்தைஞ்சு முடிஞ்சது,” என்றார்.