எஞ்சினை மறைத்த கை

அவர் தோல் மண்டிக்காரர். நீராவி காலத்துச் சரக்கு ரயில் படங்களை நான் சேர்ப்பது தெரிந்து, ஞாயிறுதோறும் திண்டுக்கல் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வந்துவிடுவார். வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத சட்டை. படம் கைக்கு வந்ததும் உள்ளங்கையால் எஞ்சினை மூடிவிடுவார்.

"ஏன் பாய், அதுதானே அழகு?"

"அதத்தான் எல்லாரும் பாக்குறாகளே. நான் எங்க தோலு ஏத்துன வேகனத் தேடுறேன். வாடைக்குப் பயந்து கடைசில, கார்டு பெட்டிக்கு முன்னாடி கோத்துவிடுவாகன்னு அத்தா சொல்லுவாக."

ஒரு ஞாயிறு, ஒரு படத்தில் அப்படியொரு வேகன் அகப்பட்டது. கதவு மூடியிருந்தது, உள்ளே என்ன சரக்கென்று யாரால் சொல்ல முடியும்? அவர் படத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான். செத்த மோந்து பாருங்க."

முகர்ந்தேன். தோல் வாடை அடிக்கத்தான் செய்தது. முந்தின நாள்தான் நான் பிரிண்ட் போட்ட காகிதம் அது. அவரோ அப்போதுதான் மண்டியில் தோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஆமா பாய், இதேதான்" என்றேன். அவர் இன்னொரு டீ சொன்னார்.

படத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். இப்போது புதிதாக எந்தப் படம் கிடைத்தாலும், கண் எஞ்சினுக்குப் போகுமுன் என் மூக்கு கடைசி வேகனுக்குப் போய்விடுகிறது.