ஒரு சன்னலும் ஒரு பூனைத் தட்டும்

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. லாரி கிளீனர், ஓட்டலில் இலை எடுப்பவன், கேரளாவில் ரப்பர் தோட்டக் கூலி என்று போய்க்கொண்டே இருந்தேன். ராஜபாளையத்தில் மாட்டிக்கொண்டது ஒரு பூனையால்.

பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் வெளுப்புத் தொட்டி வேலை. தனி ஆளுக்கு யாரும் வீடு தரவில்லை. இரண்டு மாதம் குடோனில் துணிப் பொதிகளுக்கு நடுவே படுத்தேன். பிறகு ஒரு வீட்டு மாடியில் அறை கிடைத்தது. ஒரு கதவு, ஒரு சன்னல். சன்னலுக்கு நேர் கீழே வீட்டுக்கார அக்காவின் அடுப்படி. வாசலில் அவருடைய வெள்ளை நாய். நாயிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் பேசுவார்.

கம்பெனித் தறியில் மாட்டிப் பின்னங்கால் நசுங்கிய ஒரு பூனையைச் சாப்பாட்டுப் பையில் வைத்து அந்த அறைக்குக் கொண்டுவந்தேன். அக்கா பையை எட்டிப் பார்த்தார்.

"பூனை இருந்துட்டுப் போகட்டும், தம்பி. வாடை மட்டும் கீழ வரக்கூடாது. வந்துச்சுன்னா ரெண்டு பேரும் கெளம்பிருங்க."

நொண்டிப் பூனை கீழே இறங்கினால் நாய் விடாது. அதனால் அதற்கு எல்லாமே அறைக்குள்தான். ஓரம் வெட்டிய பிளாஸ்டிக் பேசின் ஒன்றை அது மூத்திரம் போகும் தட்டாக மூலையில் வைத்து, கம்பெனியில் கூட்டித் தள்ளும் கழிவுப் பஞ்சை அதில் நிரப்பினேன். காயத்தின் ஈரத்தை இழுக்கத்தானே பஞ்சு என்று நினைத்தேன். இழுத்தது, ஆனால் இழுத்ததை விடவில்லை. மூன்றாம் நாள் அறைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. வாடை கீழே போகக்கூடாதென்று சன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் துணி செருகினேன். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நானும் பூனையும் அந்த வாடையும் இருந்தோம்.

கம்பெனியில் துணி மடிக்கும் பெண் ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"என்னண்ணே, சட்டைக்குள்ள பூனையவும் கூட்டியாந்துட்டியளா?"

"வாடை அடிக்குதா?"

"கேக்கியளே. அம்புட்டுத் துணிய வெளுக்கிற ஆளு, இதுக்கு ஒரு வழி தெரியலயா?"

அவள் கேலிக்குச் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். பழுப்பையும் வாடையையும் பிளீச்சிங் பவுடர் தின்றுவிடும் என்பது எங்கள் தொட்டியில் தினமும் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊறிக் கிடந்த பஞ்சின்மேல் இரண்டு கை பவுடரைக் கொட்டித் தண்ணீர் தெளித்தேன். சன்னல் சாத்தியே இருந்தது.

காட்டமான நெடி ஒன்று எழுந்து தொண்டையைப் பிடித்தது. மூச்சை இழுக்க முடியவில்லை. பூனை வாயைத் திறந்துகொண்டு சுவரோரம் ஒடுங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு சன்னலைத் தள்ளினேன். நாள்பட அடைத்து வைத்ததெல்லாம் நேராக அடுப்படிக்கு இறங்கியது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோது அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மூத்திரத்து மேல பிளீச்சிங் பவுடரப் போட்டியா? ரெண்டும் சேந்தா விஷப் புகைன்னு கக்கூசு கழுவுறவனுக்குக்கூடத் தெரியுமே."

தெரியாது என்றேன். பூனையைப் பார்த்தார். அதன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மேல வந்து நிப்பேன். அப்பவும் வாடை இருந்தா சாவியக் குடுத்துரு."

திரும்பவும் குடோன் என்றால் நான் போவேன். பூனையை அங்கே விடமாட்டார்கள்.

மறுநாள் நடந்ததைச் சொன்னதும் மடிக்கும் பெண் சிரிக்கவில்லை. "எங்க தெருவுல மரம் அறுக்கிற பட்டறை இருக்குண்ணே. அந்தத் தூளத்தான் கோழிக்கூண்டுல போடுதோம். செத்த நேரத்துல ஈரத்த இழுத்துரும். தெனமும் அள்ளணும், அதான் சங்கதி."

அன்று மாலையே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு சாக்கு மரத்தூள் கொண்டுவந்தேன். பேசினை வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். காலையில் ஒருமுறை, வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை நனைந்ததை அள்ளினேன். சன்னலைத் திறந்தே வைத்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. கை தானாகச் சாத்தப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து மூலையருகே குனிந்தார். மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"மரவாடைதான் வருது. இருந்துக்கோ."

அந்த வாரம் திருப்பூரிலிருந்து பழைய கூட்டாளி போன் செய்திருந்தான். வேலை இருக்கிறது, உடனே வா என்றான். முன்பென்றால் பேசி முடிப்பதற்குள் பை கட்டியிருப்பேன். காலையும் மாலையும் இங்கே அள்ள ஆள் யார்? வரவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டான், போனை வைத்துவிட்டுப் பேசினை அள்ளப் போனேன்.

தூள் தீர்ந்ததும் காலிச் சாக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தூரத்து ஊர்களின் போர்டு போட்ட பஸ்கள் வரிசையாக நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் திரும்பியாக வேண்டும்.