ஒரே ஒரு பக்கம் அடித்த கார்பன்

என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு கார்பன் தாள் இருக்கிறது. டைப் அடிக்கும்போது நகல் எடுப்பதற்காக இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைப்போமே, அந்தக் கருநீலத் தாள்தான். ஒருமுறை என் மருமகள் அதைக் குப்பை என்று நினைத்து எடுத்துப் போடப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் அன்றிலிருந்து அவள் பீரோ பக்கமே வருவதில்லை. வருவதில்லை என்று சொல்கிறாள். நான் அவ்வப்போது புடவை மடிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்கிறேன். சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கூடுதலோ என்று தோன்றும், சிரிக்காவிட்டாலும் அப்படித்தான் தோன்றும். இந்தக் குணத்தோடு ஒரு மனிதர் வீட்டில் நான் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். அவருக்கு அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம். பொன்னேரியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கும்மிடிப்பூண்டி போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு காரை வீட்டில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் இங்கிலீஷ் டைப்பிஸ்ட் தேடுகிறார் என்று தெரியவந்தது. கூடவே அவருடைய விதவை அக்காவும் இருந்ததால் என் அப்பா சம்மதித்தார். முதல் நாளே எனக்கு உறுத்தியது. சுவர் முழுக்க ஏதோ ஊரின் வரைபடங்கள், அதில் சிவப்பும் பச்சையுமாகக் குண்டூசிகள். மேஜையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்திலிருந்து. நெல் வயலுக்கு நடுவில் குடியிருக்கும் மனிதருக்கு ஸ்வீடனில் யார்? மலேயாவில் யார்? அவராகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

டைப் அடிக்க அடிக்கத்தான் பாதி புரிந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் ஒரு தேசத்தில் உள்நாட்டுச் சண்டை. அதை நிறுத்த உலக நாடுகள் சேர்ந்து அனுப்பிய அமைதிப்படையில் மேஜரும் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். இனிமேல் இப்படி ஒரு படை போனால் என்னென்ன தவறுகளைச் செய்யக்கூடாது என்று தொகுத்துத் தரும்படி, படைகளைத் திட்டமிடும் வெளிநாட்டு அலுவலகம் ஒன்று அவரைக் கேட்டிருந்தது. அவர் தன்னோடு இருந்த பல தேசத்து அதிகாரிகளுக்கும் ஒரே மாதிரி ஒரு ஃபாரம் அனுப்புவார். அதில் நாலே கேள்விகள். என்ன கண்டீர்கள்? அதை என்னவென்று நினைத்தீர்கள்? உண்மையில் அது என்னவாக இருந்தது? யாரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்? பதிலில் யாருடைய பெயரும் வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. "பேரு போட்டா அவன் தப்பிச்சிக்கிறதுக்குன்னு எழுதுவாம்மா. பேரு இல்லன்னாதான் நடந்தது வரும்" என்பார். அடுத்த படை கிளம்புவதற்குள் இது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே அவருக்கு இருந்த ஒரே அவசரம். காலையில் பல் தேய்க்கும்போதே, புதுப் படை ஏதாவது கிளம்புகிறதா என்றுதான் பேப்பரில் தேடுவாராம்.

அவர் எழுதியதில் ஒரு சம்பவம் அவருடையதே. ஆற்றங்கரையில் அவருடைய காவல் முகாம். தினமும் சாயங்காலம் ஒரு படகோட்டி கரையில் நின்று அக்கரையைப் பார்த்து நீளமாகச் சீட்டி அடிப்பான். எதிரிக்குச் சங்கேதம் சொல்கிறான் என்று இவர் அவனைப் பிடித்து ஒன்பது நாள் அடைத்து வைத்தார். அமைதிப்படை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அக்கரைக்காரர்கள் நினைத்துச் சுட்டார்கள். இவருடைய சிப்பாய்கள் இரண்டு பேர் செத்துப் போனார்கள். படகோட்டி சீட்டி அடித்தது, வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன், அடுப்பைப் பற்றவை என்று பெண்டாட்டிக்குச் சொல்லத்தான். இந்தப் பக்கத்தை நான் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். கைவிரல் வேலை செய்ததே தவிர மனசுக்குள் ஒன்றும் போகவில்லை.

என் மனசெல்லாம் கார்பனில் இருந்தது. நகலுக்கு வைத்த கார்பன்களை அன்றன்றைக்கு அடுப்பில் போட்டு எரித்துவிட வேண்டும் என்று மேஜர் சொல்லியிருந்தார். சாயங்காலம் நான் செருப்பை மாட்டும்போது, "கொளுத்திட்டியாமா?" என்று ஒரு நாள் தவறாமல் கேட்பார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் எதற்குக் கொளுத்தச் சொல்கிறார்? ராணுவப் பழக்கம் என்று அவருடைய அக்கா சொன்னாள். அந்த ஆப்பிரிக்க தேசத்துச் சந்தையில் முகாமின் கார்பனில் வேர்க்கடலை மடித்துக் கொடுத்தார்களாம், அன்றைக்குப் பிடித்த பழக்கமாம். நான் நம்பவில்லை. இவ்வளவு பொருத்தமாக ஒரு கதை இருந்தாலே எனக்கு நம்பத் தோன்றாது.

வருஷக் கடைசியில் நம் தேசத்திலேயே சண்டை வந்துவிட்டது. உளவாளிகள் ஜாக்கிரதை என்று ரயில்வே ஸ்டேஷனில் ஒட்டினார்கள். எங்கள் பக்கத்து ஆற்றுப் பாலத்தின் மேல்தான் கல்கத்தா லைன் போகிறது. சாமான் ஏற்றிய ராணுவ வண்டிகள் போகும்போது பாலத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள். என் அக்கா வீட்டுக்காரர் அப்போது ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர், அதாவது கணக்கும் கடிதமும் எழுதும் போலீஸ்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த மேஜரு இன்னாமா எழுதிக்கினே கீறாரு? ஃபாரின் லெட்டரா வருதாமே. போஸ்ட்மேன் சொல்றான்."

"எனக்குப் பாதி புரியல மாமா. மேப்பு கூட மாட்டி வச்சிக்கீறாரு. கார்பனை தெனமும் கொளுத்தச் சொல்றாரு."

மாமாவின் கை ரசத்திலேயே நின்றுவிட்டது. "கொளுத்தச் சொல்றாரா? ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கினு வா. ஒண்ணும் இல்லன்னா அவுருக்கும் நல்லதுதான். இருந்து நீ சொல்லாம உட்டா, நாளிக்கு உனுக்கும் பேஜாராப் பூடும்."

பயந்துபோய் எடுத்து வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. என் சந்தேகம் சரிதான் என்று போலீஸ்காரரே சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மறுநாள் அடுப்படியில் மேஜரின் அக்கா பார்க்காத நேரத்தில் ஒரு கார்பனை மடித்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டேன். "கொளுத்திட்டியாமா?" என்றார் வழக்கம்போல. "ஆச்சு சார்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிக்கனத்துக்காக ஒரே கார்பனை நாலைந்து பக்கங்களுக்கு வைத்து அடிப்போம். அதனால் பழைய கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் நாலு பக்கத்து எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக, வரி தப்பிய இடத்தில் மட்டும் தனித்தனி வார்த்தைகள் பளிச்சென்று நிற்கும். நான் கொடுத்த கார்பனில் ஒரு பக்கம் ஆப்பிரிக்காவில் உடைந்த ஒரு பாலத்தைப் பற்றியது. இன்னொன்று வியாழக்கிழமை வரும் ரேஷன் லாரி பற்றியது. மூன்றாவது அகதிகளுக்குக் குடிதண்ணீர், நாலாவது வயர்லெஸ் பழுது. ஸ்டேஷனில் அதை ஜன்னலில் ஒட்டி, தெரிந்த வார்த்தைகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டார்கள். பாலம், வியாழக்கிழமை, குடிதண்ணீர், வயர்லெஸ். மாமா அந்தச் சீட்டை என்னிடம் காட்டி, "பாத்தியா? வியாயக்கெயம நம்ம பாலந்தான்" என்றார். அந்த ஸ்டேஷனில் இருந்த யாரும் டைப் அடித்தவர்கள் இல்லை. அது நாலு வேறு பக்கங்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்னையும் அவரோடு சேர்த்துச் சந்தேகப்படுவார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

புதன்கிழமை காலையில் ஜீப் வந்தது. மேஜரையும் வரைபடங்களையும் கடிதங்களையும் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போனார்கள். ஜீப்பில் ஏறும்போது அவர் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. "காயிதத்த மட்டும் வரிசை கலைக்காம வைங்கப்பா, ஒரு வருஷத்து வேலை" என்றார். அவருடைய அக்கா வாசலில் நின்று தெருவையே திட்டினாள். நான் மெஷினுக்கு உறை போட்டு மூடினேன். எனக்கு அப்போது செய்யத் தெரிந்தது அதுதான்.

நாலு நாளில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேஸ் ஒன்றும் இல்லை. காகிதங்கள் மட்டும் வரவில்லை. அவர் திருவள்ளூருக்கும் மெட்ராசுக்கும் எத்தனையோ முறை ரயிலேறிப் போய் வந்தார். இங்கே கேட்டால் அங்கே என்பார்கள், அங்கே கேட்டால் மேலே என்பார்கள். ஊரில் நாற்று நட ஆள் கூப்பிட்டால், வருகிறோம் என்று சொல்லி வராமல் இருந்தார்கள். வெளிநாட்டுக் கடிதங்கள் குறைந்து, பிறகு நின்றே போயின. நான் அவர் வீட்டு வேலைக்குத் திரும்பப் போகவில்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அங்கேயும் யாருக்காவது மெஷினில் கை நசுங்கினால் ரிப்போர்ட் அடிப்பேன். அதில் முதல் வரியே யார் குற்றம் என்பதும் பெயரும்தான். ஒவ்வொரு முறை அந்தப் பெயரை அடிக்கும்போதும் மேஜரின் விதி ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

இரண்டு வருஷம் போயிற்று. வேறொரு தேசத்துக்கு நீலத் தொப்பி போட்ட புதுப் படை கிளம்பியது என்று பேப்பரில் படத்தோடு வந்தது. அதற்கும் சில மாதங்கள் கழித்து மேஜரிடமிருந்து எனக்கு ஒரு கார்டு. காகிதங்கள் வந்துவிட்டன, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பக்கம் மட்டும் அடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். எதற்குக் கூப்பிடுகிறார், மாட்டிவிடவா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு போனேன்.

மேஜை அப்படியே இருந்தது. அவர்தான் பாதியாக இளைத்திருந்தார். போலீஸ் கட்டைப் பிரித்து, நூல் கோத்த ஓட்டையோடு இருந்த ஒரு பழைய கார்பனை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த வீட்டுக் கார்பன் வெளியே போக ஒரே வழிதான் உண்டு, அது நான்.

"இது உன்னுதும்மா," என்றார். அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அவரே எரித்துவிட்டு வந்தார். திரும்பி வந்து பழைய ஃபாரம் ஒன்றை என்னிடம் நீட்டினார். "அடி. பேரு யாருதும் வாணாம்."

புதுத் தாள், புதுக் கார்பன் வைத்து உருளையில் ஏற்றினேன். என்ன கண்டீர்கள்? கார்பன் எரிப்பதைக் கண்டேன். என்னவென்று நினைத்தீர்கள்? உளவு என்று நினைத்தேன். உண்மையில் என்னவாக இருந்தது? அதற்கு மூன்று வரி அடித்தேன். யாரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை என்று அடித்தேன். அழுதேன். அவர் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தாளை உருவிப் படித்தார். நாலாவது பதிலுக்குக் கீழே பேனாவால் இன்னொரு வரி சேர்த்தார். இந்த வேலை எதற்கு என்று டைப்பிஸ்டிடம் முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். காகிதக் கட்டுக்குள், படகோட்டியைப் பற்றிய பக்கத்துக்கு அடுத்ததாக, அதைச் செருகினார். அந்தக் கட்டை அவர் யாருக்காவது அனுப்பினாரா, அனுப்பியிருந்தால் யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. உண்மையிலேயே என்னை மன்னித்தாரா, அல்லது அவருடைய தொகுப்புக்கு இன்னொரு சம்பவம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாரா என்றுகூடச் சில நாள் சந்தேகம் வரும். என் புத்தி அப்படி.

கிளம்பும்போது பழக்க தோஷத்தில் அந்தப் புதுக் கார்பனை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

"அத்தக் கொளுத்த வாணாம்மா, நீயே வச்சிக்கோ," என்றார் மேஜர். "அதுல ஒரு பக்கந்தான் கீது. யாரு பாத்தாலும் படிக்கலாம்."

இன்று காலையில் புடவை மடிப்பைச் சரிபார்க்கும்போது அதை வெளியே எடுத்தேன். பளபளப்பு இல்லாத பக்கத்தை என் பக்கமாக வைத்து ஜன்னலில் பிடித்தேன். மருமகள் காபியோடு வந்து நின்றாள். இத்தனை வருஷமாக என்ன அது என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.