பொட்டு வைத்த ரிவால்வர்

“மேஸ்திரி, நீங்க குடுத்த சாமான் சுட மாட்டேங்குது.”

சின்னையா இதைச் சொல்லிவிட்டு, துண்டில் சுற்றிய பொருளைக் கவுன்டர் மேல் வைத்தார். ஆயுத பூசை முடிந்து ஒரு வாரம் இருக்கும். துப்பாக்கிக் கடைக்காரன் காதில் விழவே கூடாத பேச்சு அது. அதிலும் அந்த ரிவால்வரை அவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கைவிடாது என்று அடித்துச் சொன்னவனும் நான்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி காதர் ராவுத்தர் வியாபாரத்தைக் கவனிப்பார். பழுது பார்ப்பதும், வருகிற ஆளுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு. கடலைக் காட்டில் பன்றி விரட்ட ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் வாங்குவோர்தான் அதிகம். கைத்துப்பாக்கி கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். அவர்களிலும் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதற்காக வாங்குவார்கள். அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

சின்னையா அந்த ரகம் இல்லை. அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரி. இரண்டு பேர் திருட்டு ஆடுகளை விற்க வந்ததை அடையாளம் கண்டு போலீசில் சொல்லிவிட்டார். ஜாமீனில் வெளியே வந்த அந்த இருவரும், கோர்ட்டில் சாட்சி சொல்வதற்குள் இவரை வெட்டிப் போடுவோம் என்று சந்தை நடுவிலேயே சொல்லியிருக்கிறார்கள். சொன்னதோடு நில்லாமல் இடது தோளில் ஒரு வெட்டும் போட்டிருந்தார்கள். அந்தக் காயத்தைப் பார்த்துத்தான் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள்.

துப்பாக்கி வாங்க முதன்முதலாக மனைவி வெள்ளையம்மாளோடு வந்தார். கையில் இருந்த பணம் நடுத்தரம். வெளிநாட்டிலிருந்து புதுச் சரக்கு வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்த சமயம். அந்தப் பணத்துக்குக் கடையில் மூன்றுதான் இருந்தன, மூன்றும் பழசு. எடுத்து வரிசையாக வைத்தேன்.

முதலாவது, முத்துப் பிடி போட்ட குட்டி பெல்ஜியம் பிஸ்டல். சின்னையாவின் கை நேராக அதற்குத்தான் போனது. எல்லாருடைய கையும் அதற்குத்தான் போகும். அவருடைய விரல் ட்ரிகருக்குள் நுழையவே இல்லை. ஆடு பிடித்துப் பிடித்துத் தடித்த விரல்.

இரண்டாவது, ஸ்பெயின் பிஸ்டல். இரண்டு வருஷமாக விலை போகாமல் கிடந்தது. முதலாளி அதைத்தான் தள்ளிவிடப் பார்த்தார்.

“இத எடுத்துக்கங்க, ஏழு தோட்டா புடிக்கும்” என்றார்.

“தோட்டா அடுக்குற மேகசின் ஸ்பிரிங் தளந்துருக்கு மொதலாளி. மூணாவது தோட்டா மாட்டிக்கும்” என்றேன்.

“ஏலே சவரி, நீ இந்தக் கடைக்கு வேல பாக்குறியா, எதிர்க் கடைக்கா?”

எதிரில் இருந்தது புகையிலைக் கடை.

மூன்றாவது, குழல் அளவு முப்பத்திரண்டு போர் கொண்ட இங்கிலீஷ் ரிவால்வர். குழலை மடக்கித் திறப்பது. பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது, நீலப் பூச்சு பாதி போய்விட்டது. ஆனால் தோட்டா போடும் சிலிண்டர் ஆடவில்லை, பேரல் சுத்தம். சின்னையா அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை.

“பிஸ்டல்ல ஒரு தோட்டா சிக்குனா ரெண்டு கையாலயும் இழுத்து எடுக்கணும். உங்க எடது கை தூக்க வராது” என்றேன். “இதுல அந்த வம்பு இல்ல. ஒண்ணு வெடிக்கலேன்னா மறுபடி ட்ரிகர இழுங்க, அடுத்தது வந்து நிக்கும். இதுக்குத் தோட்டாவும் நம்ம பக்கம் கெடைக்கும். பணத்த எல்லாம் துப்பாக்கியிலயே கொட்டாம, கொஞ்சம் தோட்டாவுக்கு நிறுத்தி வைங்க. நாலஞ்சு தடவையாவது சுட்டுப் பழகணும்.”

வெள்ளையம்மாள் முன்னால் வந்து ரிவால்வரைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

“இது இருந்தா இவரு வீடு வந்து சேருவாரா?”

“சேருவாரும்மா” என்றேன்.

விலை பேச சின்னையா துண்டை எடுத்துக் கையில் போட்டார். ஆட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம் நடக்கும். ராவுத்தருக்கும் அது பழக்கம்தான். இருவரும் சாமி ஊர்வலம் பார்ப்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துண்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. செத்த நேரத்தில் முதலாளி கையை உருவிக்கொண்டு, “கட்டிக் குடுலே” என்றார். முகம் நன்றாக இல்லை.

அந்த ரிவால்வர்தான் இப்போது துண்டுக்குள் இருந்தது. பிரித்தேன். உடம்பு முழுக்கச் சந்தனம். பேரலில் மூன்று குங்குமப் பொட்டு, பிடியில் ஒன்று, பிடியின் அடி வளையத்தில் காய்ந்த பூ. நெம்பித் திறந்து தோட்டாக்களைத் தட்டி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொட்டு. சிலிண்டரைச் சுற்றியும் தோட்டாவைத் தட்டும் ஹேமருக்கு அடியிலும் சந்தனம் காய்ந்து காரை பூசியதுபோல இறுகியிருந்தது.

“யாரு வச்சது?”

“நாந்தான்” என்றார் கூட வந்திருந்த வெள்ளையம்மாள். “உசுரக் காக்குற சாமானாச்சே. அருவா, தண்ணி எறைக்கிற கமலையெல்லாம் வச்சுக் கும்பிடயில இத மட்டும் விட முடியுமா? கொஞ்சம் நல்லாவே வச்சேன்.”

“தொடைக்கலியா?”

“பூச பண்ணுன பொட்ட அழிப்பாகளா?” என்று சின்னையா என்னைக் கேட்டார்.

முதலாளி ராவுத்தர். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். எண்ணெய் போடுங்கள், ஈரத்தில் வைக்காதீர்கள் என்று ஆயிரம் சொல்லி அனுப்பிய நாங்கள், ஆயுத பூசை என்று ஒன்று வரும் என்பதை நினைக்கவே இல்லை. ஊரில் அதைவிடப் பொருத்தமாக அந்தப் பூசைக்கு உரிய பொருள் வேறு இல்லை.

“சுடலேன்னு எப்பத் தெரிஞ்சுச்சு? சுட்டுப் பாத்தீகளா?” என்றேன்.

“பாத்தேன். அவனுக ரெண்டு பேரையும்.”

கையிலிருந்த தோட்டாக்களைக் கவுன்டர் மேல் வைத்தேன்.

பூசைக்கு மறுநாள் சந்தை முடிந்து சாயங்காலம் அவர் ஊருக்கு நடந்திருக்கிறார். ஓடைக்குள் இறங்கும்போது இருவரும் அருவாளோடு எதிரே வந்திருக்கிறார்கள். இவர் மடியிலிருந்து ரிவால்வரை எடுத்து நீட்டி ட்ரிகரை இழுத்தார். நகரவில்லை. மறுபடி இழுத்தார். நகரவில்லை.

“செத்தோம்னு நெனச்சேன் மேஸ்திரி. மனசுக்குள்ள ஒங்களத்தான் திட்டி வஞ்சேன்.”

“சரிதான். அப்புறம்?”

“கிட்ட வந்தவனுக நின்னுட்டானுக. சாமானையே பாத்தானுக. மூத்தவன் சொன்னான், ‘ஏலே, பூச போட்டு எடுத்துட்டு வந்துருக்கான்டா’ன்னு. அம்புட்டுத்தான். பின்பக்கமாவே நடந்து கரையேறிப் போயிட்டானுக.”

எங்கள் பக்கத்தில் கையில் ஆயுதம் வைத்திருப்பவனைக் கண்டு யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி கும்பிட்டு எடுத்து வந்தவன் என்றால் வேறு. அவன் முடிவு செய்துவிட்டான், முடிக்காமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டான் என்று பொருள். நாலு நாள் கழித்து அந்த இருவரும் ஊர்ப் பெரியவரிடம் ஆள் அனுப்பி, கேஸை ஒப்புக்கொள்கிறோம், எங்களை விட்டுவிடும்படி அவரிடம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. வெள்ளையம்மாளிடம் சொன்னேன்.

“வீடு வந்து சேருவாருன்னு ஒங்ககிட்ட வாக்குச் சொன்னேன். சாமான் கைய விட்டுருச்சேம்மா.”

“வந்து சேந்துட்டாருல்ல?” என்றார் அவர். “சுட்டிருந்தா வீட்டுக்கா வந்திருப்பாரு? செயிலுக்குல்ல போயிருப்பாரு.”

முதலாளி கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுதுக் கூலி வாங்க வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மண்ணெண்ணெய் விட்டு, ஊசியால் சுரண்டி, எண்ணெய் போட்டுக் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. சிலிண்டர் பழையபடி சுழன்றது. இனிமேல் உள்ளே எதுவும் வைக்கக் கூடாது, வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று வெள்ளையம்மாளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அதற்கப்புறம் கைத்துப்பாக்கி வாங்க யார் வந்தாலும் விரலைப் பார்ப்பேன், தோட்டா கிடைக்குமா என்று பார்ப்பேன், கடைசியாக வீட்டில் ஆயுத பூசை உண்டா என்றும் கேட்டுக்கொள்வேன். இந்தத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான். சின்னையாவின் ரிவால்வரில் எல்லாவற்றையும் துடைத்தேன். பிடியில் இருந்த பொட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.