தோளைத் தொட எவ்வளவு நேரமாகும்

எங்கள் ஊரில் பெரிய சத்தம் ஒன்று கேட்டால் பெண்கள் முதலில் அடுப்பை அணைப்பார்கள். பிறகு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று தெரிந்த பின்புதான் கைபேசியை எடுப்பார்கள். கல்குவாரியில் பாறை உடைக்கும் சத்தத்துக்கும், ஆலையில் பட்டாசைச் சோதித்துப் பார்க்கும் சத்தத்துக்கும் யாரும் அசைவதில்லை. அசைய வேண்டிய சத்தம் எது என்பதை, கல்யாணமாகித் திருத்தங்கலுக்கு வந்த எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனாலும் வீட்டில் இருக்கையில் அந்தச் சத்தத்தை எனக்கு முன்பே அறிந்துவிடுவாள். தரை வழியே பாதத்துக்கு வரும் சிறு அதிர்வு அவளுக்குப் போதும். இரு கைகளையும் குவித்து, சட்டென்று விரித்துக் காட்டுவாள். வெடி என்பதற்கு எங்களுக்குள் வழங்கும் சைகை அது. அதனால் அவள் வீட்டில் இருந்தவரை அவளுக்குத் தெரியாமல் போகுமோ என்ற பயம் எனக்கு இருந்ததில்லை.

அச்சுத் தொழிலில் டிப்ளமோ முடித்ததும், பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிக்கும் ஒரு கம்பெனிக்கு ஆப்செட் மிஷின் வேலை கேட்டுப் போனாள். அவள் கைகள் பேசுவதைச் சொல்ல நானும் உடன் போனேன். முதலாளி நல்லவிதமாகத்தான் பேசினார்.

"காது கேக்காத பிள்ளை, பாவம். அட்டைப்பெட்டி ஒட்டுற வேலை தாரேம்மா. வீட்டுல உக்காந்தே பாக்கட்டும்."

நான் சைகையில் சொல்லி முடிப்பதற்குள் மகள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். பெட்டி ஒட்டுவதை இழிவாக நினைக்கிறவள் அல்லள். பள்ளி விடுமுறைகளில் ஒட்டியிருக்கிறாள். தான் படித்தது மிஷினுக்கு என்றாள். அந்த இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பையன்களுக்கு என்ன சோதனையோ, அதுவே தனக்கும் வேண்டும் என்றாள். அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். பையன்களோடு அவளையும் சோதித்துப் பார்க்க அவர் சம்மதித்தார்.

மூவரும் ஆளுக்கு ஒரு வாரம் மிஷினில் நின்றார்கள். நிறம் பிசகாமல் பார்ப்பதில் இவள் கண்ணே தேர்ந்தது என்று ஃபோர்மேன் சொன்னார். மிஷின் சத்தம் கேளாமல் எப்படிச் சமாளிப்பாள் என்று முதலாளி இழுத்தபோது, ஃபோர்மேன் சிரித்துவிட்டார்.

"இந்த இரைச்சல்ல நின்னு நின்னு எங்க பூராம் பேத்துக்கும் பாதி செவிடு மொதலாளி. இந்தப் பிள்ளை முழுசு. அம்புட்டுதான் வித்தியாசம்."

மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். அன்று முதல் எனக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. ஓடும் மிஷினின் பக்கத்தில் தரை எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் அவளைக் காத்த பாதம் அங்கே பயன்படாது. அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டாசுச் சரக்கை அடுக்கி வைக்கும் கிட்டங்கிகள் வேறு. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும் என் கைகள், இதை நினைத்துப் பலமுறை பாதியில் நின்றிருக்கின்றன.

மூன்றாம் மாதத்தில், நான் விடுப்பில் இருந்த ஒரு முற்பகலில், அந்தச் சத்தம் வந்தது. ஜன்னல் கதவுகள் தாமாகத் திறந்து மூடின. அடுப்பை அணைத்தேன். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் ஏற்கெனவே நின்றிருந்தாள். அவளுடைய கணவர் பட்டாசு ஆலையில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துபவர். ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் வாயிற்காவலரின் எண்ணுக்குத்தான் அவள் அழைக்க வேண்டும்.

"புகை அவுக ஆலைப் பக்கம் இல்லக்கா," என்றாள். மூச்சு விட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க பிள்ளை கம்பெனிப் பக்கம்லாக்கா புகை வருது."

மற்ற வாசல்களில் நின்றவர்கள் கைபேசியில் எண்ணை அழுத்தினார்கள். நான் யாருக்கு அழைப்பது? செய்தி அனுப்பினேன். வேலை நேரத்தில் அவள் கைபேசி பைக்குள் இருக்கும் என்பது தெரிந்தே அனுப்பினேன். பிறகு ஓடிப்போய் ஓர் ஆட்டோவை மறித்தேன்.

அச்சகத்தின் முன்னால் தெருவே நிறைந்திருந்தது. அண்ணாந்து புகையைப் பார்த்தபடி எல்லாரும் நின்றார்கள். எரிந்தது ஆளில்லாத கிட்டங்கி என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தில் என் மகள் இல்லை. உள்ளே மிஷின் ஓடும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எம் பொண்ணு எங்க?"

ஃபோர்மேன் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் தேடினார். அவர் உதடுகள் வெளுத்ததைப் பார்த்தபோது, யாரும் அவளிடம் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது. "ஓடுங்கலே" என்று ஒருவர் கத்தியிருக்கிறார், கேட்டவர்கள் ஓடியிருக்கிறார்கள். இந்த ஊரில் ஓடுவதற்கு அந்த ஒரு சொல்லே வழக்கம். கேளாத ஒருத்தி உள்ளே இருப்பது ஒருவர் நினைவிலும் எழவில்லை.

நான் வாசலை நோக்கி ஓடியபோது மிஷின் ஓசை நின்றது. அவள் வெளியே வந்தாள். கையில் மை, ஒரு கழிவுத் தாள். குனிந்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது கூடம் காலியாக இருந்ததாம். அவள் முகத்தில் அச்சம் இல்லை, கோபம் இருந்தது.

முதலாளி என்னிடம் வந்தார். "கூட்டிட்டுப் போயிருங்கம்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்க பதில் சொல்ல முடியாது. பெட்டி ஒட்டட்டும். வீட்டுல இருந்தா உங்களுக்கும் நிம்மதி."

நிம்மதி என்ற அந்தச் சொல்லை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவரது உதடுகளை வாசித்த மகள், பிறகு என் முகத்தையும் வாசித்தாள். கழிவுத் தாளின் பின்புறத்தில் பெரிய எழுத்துகளில் எழுதி அவரிடம் நீட்டினாள்: "ஓடும்போது என்னையும் தொட்டுட்டு ஓடச் சொல்லுங்க."

முதலாளி வாசித்துவிட்டுத் தாளை ஃபோர்மேனிடம் கொடுத்தார். அவரும் வாசித்தார்.

"தப்பு எங்க மேல மொதலாளி. தோளைத் தொட எம்புட்டு நேரமாகும்?"

மறுவாரமே ஆபத்தென்றால் எரியும்படி மிஷின் மேல் ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்தினார்கள். மின்சாரம் போனால் விளக்கு எரியாது என்று என் மகள் எடுத்துக் காட்டியதால், தொடுவதும் விதியாயிற்று; கைபேசியை அவள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும் விட்டார்கள். டீ நேரங்களில் ஃபோர்மேன் திடீரென்று "ஓடுங்கலே" என்று கத்தி ஒத்திகை பார்ப்பாராம். முதல் ஒத்திகையில் ஆளாளுக்கு ஓடிவந்து தொட, "ஏலே, ஒருத்தன் தொட்டாப் போதும்லே, பிள்ளையைத் தள்ளிவிட்டுக் கொன்னுராதீக!" என்று அவரே அதட்ட வேண்டியதாயிற்று. அதை நடித்துக் காட்டி அவள் சிரித்தாள். மாத இறுதியில் வேலை நிரந்தரமானது. மற்றவர்களுக்கு உள்ள சம்பளமே அவளுக்கும்.

என் பயம் மட்டும் எந்த விதிக்கும் அடங்கவில்லை. ஒத்திகையில் தொட்ட கை, உண்மையில் உயிருக்கு ஓடும்போதும் தொடுமா?

இந்தத் தீபாவளிச் சீசனில் மீண்டும் அந்தச் சத்தம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். புகை எந்தப் பக்கம் என்று பார்க்கவும் துணிவின்றிக் கைபேசியின் திரையையே பார்த்து நின்றேன். அது ஒளிர்ந்தது. மகள் ஒரே ஒரு சொல்லை அனுப்பியிருந்தாள்.

"தொட்டாங்க."

அந்தச் சொல்லை இரண்டு முறை வாசித்தேன். நிமிர்ந்தபோதுதான் புகையைப் பார்த்தேன். அது இம்முறை பக்கத்து வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஆலைப் பக்கம் எழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கைபேசியைக் காதில் அழுத்தியபடி தெருவின் நடுவில் நின்றாள். நான் இறங்கி அருகில் போனபோது, மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. நான் அவள் தோளைத் தொட்டேன்.